கொடியைக் கட்டியது யார்?

மரக்காணம்
18-8-1976

அன்புள்ள தம்பி ஆதிமூலத்துக்கு,

நானும் உன் மாமாவும் பிள்ளைகளும் சௌக்கியம். நீ கேட்ட நார்த்தங்காய் ஊறுகாய் மொட்டை மாடியில் காய்ந்துகொண்டிருக்கிறது. அதை எப்படி அனுப்புவது என்று நீயே எழுது. போன தடவை சீசா உடைந்து உன் கம்பளியெல்லாம் எண்ணெயானதை நான் மறக்கவில்லை.

உன்னைச் சிரிக்க வைக்கலாம் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதி முடிக்கும்போது எனக்கே சிரிப்பு இருக்குமா என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் குப்பத்துப் பள்ளிக்கூடத்தில் சுதந்திர தினம். நான் தலைமையாசிரியை ஆன பிறகு முதல் கொடியேற்றம். இரண்டு வாத்தியார், எண்பது பிள்ளைகள், கீற்றுக் கொட்டகை. இங்கே யார் வரப்போகிறார்கள் என்று அசட்டையாக இருந்தேன். இந்த வருஷம்தான் எல்லாமே கெடுபிடியாக இருக்கிறதே. கல்வி அதிகாரி நேரில் ஜீப்பில் வருகிறார் என்று முதல் நாள் சாயங்காலம் ஆள் வந்து சொன்னான். கொடி கட்டத் தெரிந்த சிவஞானம் சார் பெண்சாதி பிரசவத்துக்குத் திண்டிவனம் போயிருந்தார். எனக்குக் கொடியைப் பூ வைத்து மடிக்கத் தெரியும். கயிற்றில் கட்டத் தெரியாது. காலையில் கரையில் நின்ற மாயவனைக் கூப்பிட்டேன். கட்டுமரக்காரர், பாஞ்சாலை புருஷன். அவர் பெண் கொளஞ்சி என்னிடம் ஒன்றாவது படிக்கிறாள்.

அந்த மனுஷன் கொடியைத் தொடுவதற்கு முன்னால் கிணற்றடியில் இரண்டு தடவை கை கழுவினார். மீன் வாசனை போயிற்றா என்று முகர்ந்து பார்த்துக்கொண்டார். காற்று பலமாக அடித்தது. அதிகாரி வருவதற்குள் கொடி அவிழ்ந்துவிடக்கூடாதே என்ற பயம் அவருக்கு. கடலில் நங்கூரக் கல்லைக் கட்டுகிற முடிச்சாகப் போட்டுவிட்டார். அது இழுக்க இழுக்க இறுகுகிற முடிச்சு.

அதிகாரி கயிற்றை இழுத்தார். கொடி விரியவில்லை. பிள்ளைகள் ஜனகணமன ஆரம்பித்துவிட்டார்கள். அவர் இன்னும் இழுத்தார். பாட்டு பாதி வந்துவிட்டது. இரண்டு கையாலும் தொங்கினார். மணலில் நட்ட சவுக்குக் கம்பம்தானே, நிதானமாகச் சாய்ந்து வந்து அவர் காலடியில் படுத்துக்கொண்டது. பொட்டலம் பொட்டலமாகவே இருந்தது, ஒரு பூ சிந்தவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன், ஆதி. அதை அவர் பார்த்துவிட்டார்.

இன்று மெமோ வந்தது. தேசியக் கொடி மண்ணில் விழுந்தது எப்படி, கொடியைக் கட்டியது யார், பதினைந்து நாளில் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும். நீ பட்டாளத்துக்காரன், கொடி விஷயம் தெரிந்தவன். என்ன எழுதலாம் சொல்.

உன் அக்கா,
சாமுண்டீஸ்வரி


56 ஏ.பி.ஓ.
1-9-1976

அக்காவுக்கு,

கடிதம் நேற்று வந்தது. நான் சிரிக்கவில்லை.

முதலில் ஒன்று. இங்கே வருகிற கடிதங்களை மேலே இருப்பவர்கள் பிரித்துப் பார்க்கலாம். ‘இந்த வருஷம்’, ‘கெடுபிடி’ என்றெல்லாம் இனி எழுதாதே.

எழுபத்தொன்று டிசம்பரில் என் பக்கத்துக் கட்டில்காரன் ராமதாஸ் செத்தான். தர்மபுரிப் பையன். பெட்டியின் மேல் கொடியைப் போர்த்தியபோது ஒரு மூலை மடங்கியிருந்தது. அதை நேராக்கியவன் நான். அந்தத் துணியை நான் தொட்ட விதம் வேறு, உங்கள் குப்பத்துக்காரர்கள் நங்கூரக் கல்லைக் கட்டுகிற விதம் வேறு. கை கழுவினால் மட்டும் போதாது.

உனக்கு ஞாபகம் இருக்கும். நான் முதன்முதலில் யூனிபார்மில் ஊருக்கு வந்தபோது உப்பள முதலாளி எனக்கு நாற்காலி போடச் சொன்னார். அப்பா இருபத்தெட்டு வருஷம் அவர் பாத்தியில் உப்பு வாரினார். அந்த வீட்டில் நம் குடும்பத்தில் உட்கார்ந்த முதல் ஆள் நான்தான். அந்த நாற்காலியை எனக்குக் கொடுத்தது இந்த நாடு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். எனக்குப் பெருமை என்று இருப்பது அது ஒன்றுதான், அதில் விளையாடாதே.

கட்டியவர் யாரோ அவர் பெயரை எழுதிக் கொடு. பொய் சொல்லச் சொல்லவில்லை, நடந்ததை எழுது. வேண்டுமென்று செய்யவில்லை என்றால் விசாரித்து விட்டுவிடுவார்கள். நம் நாட்டில் சட்டம் இருக்கிறது. நீ பதினாறு வருஷம் உழைத்து வாங்கிய பதவியை ஒரு முடிச்சுக்காக விடப்போகிறாயா?

இங்கே இப்போதே குளிர் ஆரம்பித்துவிட்டது. மாமாவையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

தம்பி,
ஆதிமூலம்


மரக்காணம்
12-9-1976

ஆதிக்கு,

உன் கடிதத்தை இரண்டு நாள் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தேன். உன் மாமா படித்தால் அவரும் உன் கட்சிதான். தினமும் சாப்பிட உட்கார்ந்ததும் அவருக்கு இதே பேச்சு. பேரை எழுதிக் குடுத்துட்டு நிம்மதியா இரேன் என்கிறார்.

நாற்காலி போட்டது உண்மை. நீ உட்கார்ந்ததும் உண்மை. அப்பா அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். முதலாளி அவரை உட்காரச் சொல்லவில்லை, நீயும் எழுந்திருக்கவில்லை. நான் தெருவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா செத்த பிறகும் இதை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். மாயவன் கை கழுவினதைப் பற்றி நீ அப்படி எழுதியதால் சொல்லிவிட்டேன்.

மெமோவுக்கு இம்மாதம் முப்பதாம் தேதி வரை தவணை வாங்கியிருக்கிறேன். அதற்காக ஆபீசுக்குப் போனேன். நல்லபடியாகத்தான் பேசினார்கள், டீ கூட வரவழைத்தார்கள். அப்புறம் அதிகாரி சொன்னார், “மூணு கேஸ் கொண்டாந்து விடுங்கம்மா. இந்த மெமோ தானா காணாம போயிடும்.” கேஸ் என்றால் என்னவென்று அங்கே உனக்குத் தெரியுமோ தெரியாதோ. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு ஆள். வாத்தியார்களுக்கெல்லாம் தலைக்கு இத்தனை ஆள் என்று வைத்திருக்கிறார்கள். நான் இதுவரை ஒருவரையும் கொண்டுபோகவில்லை.

பங்களாதேஷில் ஜெயித்தோம் என்று ரேடியோவில் சொன்ன அன்று பிள்ளைகளுக்கெல்லாம் கடலை மிட்டாய் கொடுத்தேன். சுவரில் மாட்டிய வரைபடத்தில் தொட்டுக் காட்டி, என் தம்பி இங்கே நிற்கிறான் என்றேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை பொய்யில்லை, ஆதி. இப்போது அதே வரைபடத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, இதில் எந்தப் பிள்ளையின் அப்பனைக் கூப்பிடலாம் என்று முகம் முகமாகப் பார்க்கிறேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

மாயவன் பெயரை எழுதினால் அவரைப் பிடித்துக்கொண்டு போவார்கள். இந்த எமர்ஜென்சியில் யாரைக் கேட்டுக்கொண்டு ஆளைப் பிடிக்கிறார்கள்? நானே கட்டினேன் என்று எழுதினால் வேலை போகும். அடுத்த மாதம் மழை இறங்கினால் உப்பளத்தை மூடிவிடுவார்கள். ஜனவரி வரை உன் மாமா வீட்டில்தான். என் சம்பளம் ஒன்றில்தான் அடுப்பு எரிய வேண்டும். இரண்டில் எதை எழுதுவது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன், தூக்கம் வரவில்லை. நீ அங்கிருந்து எதுவும் செய்துவிடாதே. முப்பதாம் தேதி வரை நாள் இருக்கிறது.

இப்படி எழுதினால் உன் மேலதிகாரி படிப்பாரோ என்னவோ. படிக்கட்டும்.

சாமுண்டீஸ்வரி


56 ஏ.பி.ஓ.
14-9-1976

அன்புள்ள அக்கா,

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. கோபமாக இருப்பாய். என் கடிதம் கடுமையாகத்தான் இருந்தது. இங்கே அப்படித்தான் பேசிப் பழகிவிட்டது.

இனி நீ கவலைப்பட வேண்டியதில்லை. எங்கள் மேஜர் சாபிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் வீட்டை நாங்கள் பார்த்துக்கொள்ளாவிட்டால் நீங்கள் எப்படி நாட்டைப் பார்த்துக்கொள்வீர்கள் என்று கேட்டார். என்னையே மனு எழுதச் சொல்லி, அதற்கு மேல் அவர் ஒரு கடிதம் வைத்து, ஜில்லா கலெக்டருக்கு நேராக அனுப்பிவிட்டார். பட்டாளத்திலிருந்து போகிற காகிதத்துக்கு மரியாதை உண்டு, உடனே பார்ப்பார்கள்.

என் அக்கா குற்றமற்றவர், கொடியைக் கட்டியது அந்தக் குப்பத்து மாயவன் என்று தெளிவாக எழுதியிருக்கிறேன். நீ யார் பெயரையும் உன் கையால் எழுத வேண்டிய சங்கடம் இல்லை. அதற்காகத்தான் நான் எழுதினேன்.

ஊறுகாயை அனுப்பாதே. லீவில் வரும்போது எடுத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஆதி


மரக்காணம்
25-9-1976

ஆதி,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. நின்றுகொண்டே எழுதுகிறேன், போஸ்ட்மேன் திரும்பி வருவதற்குள் கொடுக்க வேண்டும். நான் பன்னிரண்டாம் தேதி எழுதியது இன்னும் உன் கைக்கு வரவில்லையா? அந்த மனுவைத் திரும்ப வாங்கு. தப்பாக எழுதிவிட்டேன் என்று இன்னொன்று எழுது. மேஜர் காலில் விழுந்தாவது வாங்கு. மாயவனுக்கு இன்னும் எதுவும் தெரியாது. நேற்றுகூட வழியில் பார்த்து, டீச்சர், கம்பத்தை நல்லா ஆழமா நட்டுக் குடுத்துடறேன் என்றார்.

சாமுண்டீஸ்வரி


56 ஏ.பி.ஓ.
7-10-1976

அக்காவுக்கு,

உன் இரண்டு கடிதமும் வந்தன. அப்பாவைப் பற்றி நீ எழுதியதை மூன்று தடவை படித்தேன்.

மனுவைத் திரும்ப வாங்க முடியாது. அது போய்ச் சேர்ந்துவிட்டது. மேஜர் சாபிடம் போய் மாற்றிச் சொன்னால் நான் பொய் மனு கொடுத்தவன் ஆவேன். நான் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லையே. நீ தேவையில்லாமல் பயப்படுகிறாய் என்று நினைக்கிறேன். கூப்பிட்டுக் கேட்பார்கள், கண்டித்து அனுப்புவார்கள், அவ்வளவுதான். அப்படித்தான் நடக்கும். நடந்ததும் ஒரு வரி எழுது.

ஆதிமூலம்


மரக்காணம்
22-10-1976

ஆதிமூலத்துக்கு,

ஒரு வரி கேட்டிருந்தாய்.

சென்ற ஒன்பதாம் தேதி சனிக்கிழமை காலையில் குப்பத்துக்குப் போலீஸ் வந்தது. மாயவன் அப்போதுதான் கடலிலிருந்து வந்து கட்டுமரத்தைக் கரைமேலே தள்ளிக்கொண்டிருந்தாராம். ஈரக் கோவணத்தோடு ஏற்றிக்கொண்டு போனார்கள். பாஞ்சாலை வேட்டியை எடுத்துக்கொண்டு ஜீப் பின்னால் ஓடினாளாம். எனக்குச் செய்தி வந்து, உன் மாமாவையும் இழுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனபோது மத்தியானம் ஆகிவிட்டது. எங்களை உள்ளே விடவில்லை. “மிலிட்டரியிலேர்ந்து பெட்டிஷன் வந்திருக்குதும்மா, நாங்க என்னா பண்றது” என்று வெளியே நின்ற ஒருவன் சொன்னான். கொடுத்தது என் தம்பிதான் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு மரியாதை செய்து பெஞ்சில் உட்காரச் சொன்னான்.

நாலாம் நாள் அவரை விட்டுவிட்டார்கள். கொடியை அவமதித்தால் ஏழு வருஷம், இல்லையென்றால் இந்தத் தாளில் ரேகை வை என்று சொல்லியிருக்கிறார்கள். வைத்துவிட்டார். ஸ்டேஷனிலிருந்து நேராக ஆஸ்பத்திரி. தானாக முன்வந்து ஆபரேஷன் செய்துகொண்டதாகக் காகிதம். ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டும் கொடுத்திருக்கிறார்கள். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாராம், உட்கார முடியாமல்.

உனக்குத் தெரியாது. அவர்களுடைய பையன் போன வருஷம்தான் ஜன்னி கண்டு செத்தான். இன்னொரு பையன் பிறப்பான் என்று பாஞ்சாலை மயிலம் கோயிலுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். இனி கொளஞ்சி ஒருத்திதான்.

அவர்கள் வீட்டுக்குப் போனேன். பாஞ்சாலை என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். மாயவன் பாயிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தார். தையல் போட்ட இடம் சீழ் பிடித்திருக்கிறது. நான்தான் கட்டச் சொன்னேன், நான் சொல்லியிருக்க வேண்டும் என்று ஏதேதோ உளறினேன். அவர் மறுபடி பாயில் சாய்ந்துகொண்டார். அப்புறம் சொன்னார்.

“அது அவுரணும்னு யாருமே எங்கிட்ட சொல்லலியே, டீச்சர்.”

அவருக்கு அதுதான் புரியவில்லை. அவிழ்க்கிறதுக்காக ஒன்றை ஏன் கட்ட வேண்டும் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

நேற்று எனக்குக் கடிதம் வந்தது. மெமோ மீது மேல் நடவடிக்கை இல்லை. மாயவனை நான் கொண்டுவந்த கேஸ் என்று என் பெயரில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன், ஆதி. மழை ஆரம்பித்துவிட்டது, உப்பையெல்லாம் கீற்றுப் போட்டு மூடிவிட்டார்கள், உன் மாமா வீட்டில் இருக்கிறார். நான் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். உன்மேல் மட்டும் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் கோபமாகத்தான் இருக்கிறது.

எனக்குக் கடிதம் போடாதே.

சாமுண்டீஸ்வரி


56 ஏ.பி.ஓ.
20-11-1976

அக்கா,

போடாதே என்று சொன்ன பிறகும் போடுகிறேன். இது மூன்றாவது தாள். இரண்டைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன்.

நான் எழுதியது உண்மை, உன்னைக் காப்பாற்றத்தான் எழுதினேன், சட்டம் நல்லபடி பார்க்கும் என்று நம்பினேன் என்றெல்லாம் எழுதிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் சரியாகத்தான் இருக்கிறது. சேர்த்துப் படித்ததும்தான் கிழித்தேன்.

இங்கே என்னோடு இருக்கும் பஞ்சாபிக்காரனிடம் சொன்னேன். அவன் ஊரிலும் இப்படி நடந்திருக்கிறது. அவன் அண்ணனையே வயலிலிருந்து தூக்கிக்கொண்டு போனார்களாம். அவன் எனக்கு முன்னாலேயே தெரிந்துகொண்டு, ஒருவரிடமும் சொல்லாமல் தினமும் பூட்ஸ் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறான். நாங்கள் இரண்டு பேரும் பனியில் நின்று எதைக் காவல் காக்கிறோம் என்று பேச ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டோம். இதையும் யாராவது படிப்பார்கள். படித்தால் படிக்கட்டும் என்று உன்னைப்போல எழுத எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. ஆனாலும் கிழிக்காமல் அனுப்புகிறேன்.

மாயவன் அண்ணனுக்குத் தையல் ஆறிவிட்டதா? மனு கொடுத்தது நான் என்று அவருக்குத் தெரியுமா? இதையாவது எழுது.

ஆதி


56 ஏ.பி.ஓ.
27-12-1976

அக்கா,

பதில் இல்லை. ஜனவரி இருபத்தாறுக்கு எங்கள் யூனிட்டில் கொடி கட்டுகிற முறை எனக்கு வந்திருக்கிறது. ஐந்து வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருந்த வேலை. காய்ச்சல் என்று சொல்லி வேறு ஆளுக்கு மாற்றிவிட்டேன். பட்டாளத்தில் சேர்ந்த பிறகு நான் சொன்ன முதல் பொய் இது.

பிப்ரவரியில் லீவு தருகிறார்கள். ஊருக்கு வரட்டுமா, வேண்டாமா? வந்தால் மாயவன் அண்ணனைப் பார்க்க வேண்டும். பார்த்து என்ன சொல்வது என்று தெரியவில்லை. நீயும் கூட வந்தால் நன்றாக இருக்கும்.

ஆதி


மரக்காணம்
12-1-1977

ஆதிக்கு,

வா. வந்து நீயே அவரைப் பார். தெரியுமா தெரியாதா என்பதை நீயே அவரிடம் கேள். நான் கூட வரமாட்டேன். நான் பக்கத்தில் நின்றால் டீச்சருக்காக அவர் எதையாவது சொல்லிவிடுவார்.

தையல் ஆறிவிட்டது. மரம் தள்ளும்போது வலிக்கிறது என்கிறார்கள். கொளஞ்சி பள்ளிக்கூடத்துக்கு வருகிறாள், அதுவரைக்கும் சந்தோஷம்.

அக்கா


56 ஏ.பி.ஓ.
28-2-1977

அன்புள்ள அக்கா,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். ரயிலில் மூன்று நாளும் உனக்கு எழுத வேண்டும் என்றே நினைத்துக்கொண்டு வந்தேன். குப்பத்துக்குப் போய்விட்டு வந்த அன்று உன்னிடம் நான் சரியாகப் பேசவில்லை. நீயும் ஒன்றும் கேட்கவில்லை, ஊறுகாயைக் கட்டுவதிலேயே இருந்தாய்.

உப்பளத்து வரப்பு வழியாகப் போகும்போது இரண்டு தடவை திரும்பி வந்துவிடலாம் என்று நின்றேன். அடிப்பார்கள், அல்லது முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். போனால் குப்பமே திரண்டு நிற்கிறது! மாயவன் அண்ணன் கையில் ரோஜா மாலை. என் கழுத்தில் போட்டார். பாஞ்சாலை அண்ணி வஞ்சிரம் வறுத்து, வாழையிலை போட்டு, பித்தளை டம்ளரில் காபி கொடுத்தார்கள். பிள்ளைகள் எனக்கு சல்யூட் அடித்தார்கள். ஒரு பெரியவர் என் சட்டையில் இருந்த மெடல் ரிப்பனைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நான் சொல்ல வந்ததைச் சொல்லத்தான் ஆரம்பித்தேன். அண்ணே, அந்த மனு என்று வாயெடுத்ததும் மாயவன் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். “பழசெல்லாம் எதுக்குங்க தம்பி. நீங்க நாட்டுக்காகக் குளிர்ல நிக்கிறீங்க. சாப்பிடுங்க” என்றார். அவருக்குத் தெரிந்திருக்கிறது, அக்கா. தெரிந்தும் அப்படிச் சொன்னார்.

இந்த நாட்டில் பிறந்ததற்கு நான் இவ்வளவு பெருமைப்பட்டதே இல்லை. முதலாளி நாற்காலி போட்ட அன்றுகூட இல்லை. இவ்வளவு அநியாயம் நடந்த பிறகும் இப்படி மன்னிக்கிற ஜனங்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் நிற்கிறேன் என்று இப்போது தெளிவாகத் தெரிகிறது. மூன்று மாதத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன். மாலையைக் காயவைத்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆதி


மரக்காணம்
10-3-1977

ஆதிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் இதை எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். நீ தூங்குகிறாய் என்று எழுதியிருந்தாய். கெடுக்க மனம் வரவில்லை. அக்டோபரிலும் இப்படித்தான் பேசாமல் இருந்தேன். இனிமேல் அப்படி இருக்க முடியாது.

நீ வருவதற்கு இரண்டு நாள் முன்பு பாஞ்சாலை என் வீட்டுக்கு வந்தாள். நாலு மாதத்துக்கு அப்புறம் முதல் தடவை. பித்தளை டம்ளரும் காபிப் பொடியும் இரவல் கேட்டாள். எதற்கு என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்று அழுதாள், பிறகு சொன்னாள்.

அந்த வாரம் கடலில் வஞ்சிரமே படவில்லை. மார்க்கெட்டில் விலைக்கு வாங்கி வந்து உனக்கு வறுத்தார்கள். மாலைக்கு ஆள் பாண்டிச்சேரி வரை போயிருக்கிறான். வீட்டுக்கு வீடு வாங்கியிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு சல்யூட் அடிக்கச் சொல்லிக் கொடுத்தது, சொல்லவே கூசுகிறது, என் பள்ளிக்கூடத்தில் நான் கற்றுக் கொடுத்ததை வைத்துத்தான். கடலுக்குப் போகிறவர்கள் ஒருவர்கூட அன்று போகவில்லை. நீ யாரையும் தேடிக் காணவில்லை என்று நினைத்துவிடக்கூடாதாம்.

ஸ்டேஷனில் உன் மனுவை மாயவனுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். முதல் நாளிலிருந்தே அவருக்குத் தெரியும். குப்பம் முழுக்கத் தெரியும். இங்கிருந்து ஆயிரத்தைந்நூறு மைல் தள்ளி ஒருவன் உட்கார்ந்துகொண்டு ஒரு காகிதத்தில் பெயரை எழுதினால், நாலு வாரத்தில் கரைக்கு ஜீப் வரும் என்று அவர்கள் தெரிந்துகொண்டுவிட்டார்கள். அதை எழுதியவன் நேரில் வருகிறான் என்றதும் மாயவன் வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறார்.

“மிலிட்டரித் தம்பி மனசு கோணாம பாத்துக்குங்க. எதாவது குறை வச்சா இன்னொரு லெட்டர் எழுதிடப் போறாரு.”

உன்னை மன்னித்தார்களா இல்லையா என்று எனக்குத் தெரியாது. மன்னிக்கிற அளவுக்கு அவர்களுக்கு உன்மேல் உள்ள பயம் இன்னும் விடவில்லை. நீ வாயெடுத்ததும் கையைப் பிடித்தாரே, நீ அந்தப் பேச்சை மறுபடி எடுத்தால் இன்னும் என்ன வருமோ என்றுதான் பிடித்திருப்பார். உன்னை வழியனுப்பிவிட்டு அன்று சாயங்காலம் எல்லோரும் அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து, நீ சந்தோஷமாகப் போனாயா, இலையில் ஏதாவது மிச்சம் வைத்தாயா என்று விசாரித்திருக்கிறார்கள்.

நீ மாலையோடு வந்து வாசலில் நின்றபோதே இதைச் சொல்லியிருக்க வேண்டும். உன் முகத்தைப் பார்த்தேன், முடியவில்லை. ஊறுகாய் சீசாவுக்கு நூல் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டேன்.

பெருமையைப் பற்றி எழுதியிருந்தாய். எனக்கும் நாட்டின்மேல் ஆசைதான், ஆதி. பிள்ளைகள் ஜனகணமன பாடும்போது இன்னும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. ஆனால் மாயவன் நம்மிரண்டு பேர் முகத்தையும் பயமில்லாமல் பார்க்கிற வரைக்கும் அதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவர்கள் பயந்தது நடக்கட்டும். இன்னொரு லெட்டர் எழுது. அதே கலெக்டருக்கு, அதே மேஜர் மூலமாகவே அனுப்பு. கொடியைக் கட்டச் சொன்னது தலைமையாசிரியை சாமுண்டீஸ்வரி, எப்படிக் கட்ட வேண்டும் என்று சொல்லாததும் அவர்தான், மாயவன்மேல் குற்றமில்லை, அவரை வற்புறுத்தி ஆபரேஷன் செய்தது அநியாயம் என்று எழுது. நானும் இங்கிருந்து அதையே எழுதி இன்று ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன். உன் மாமாவிடம் சொல்லிவிட்டேன். இரண்டு நாளாகப் பேசவில்லை, இன்று காலையில் அவரே போய் ஸ்டாம்பு வாங்கி வந்தார். ஜனவரியில் உப்பளம் திறந்துவிட்டார்கள், எப்படியோ ஓட்டிக்கொள்ளலாம்.

போனது திரும்பி வராது. அவருக்குப் பையன் பிறக்கப் போவதில்லை. ஆனாலும் எழுது. நகல் ஒன்று எனக்கு அனுப்பு. மாயவனையும் பாஞ்சாலையையும் உட்கார வைத்துப் படித்துக் காட்டுகிறேன்.

அக்கா


56 ஏ.பி.ஓ.
20-3-1977

அக்கா,

உன் கடிதம் நேற்று வந்தது. இரவெல்லாம் எழுதினேன். காலையில் மேஜர் சாபிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, இதை அனுப்பினால் உன் அக்காவுக்கு மட்டுமில்லை, உனக்கும் கேள்வி வரும் என்றார். வரட்டும் சாப் என்றேன். அதை உறையில் போட்டு எடுத்துக்கொண்டார்.

ரேடியோவில் ஓட்டு எண்ணுகிறார்கள், எல்லோரும் அதைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். காற்று மாறும் என்கிறார்கள், மாறாது என்றும் சொல்கிறார்கள். எப்படி ஆனாலும் அது தெரிவதற்கு முன்னாலேயே என் கடிதம் போய்விட வேண்டும் என்று இன்றே கொடுத்துவிட்டேன். தெரிந்த பிறகு எழுதினால் அதற்கு மதிப்பில்லை.

நகல் இத்துடன் இருக்கிறது. பாஞ்சாலை அண்ணிக்குப் புரியும்படி நிறுத்தி நிறுத்திப் படி. கடைசியில் என் பெயரும் நம்பரும் யூனிட்டும் இருக்கிறது. அதை விட்டுவிடாதே. யார்மேல் கோபப்பட வேண்டும், யார்மேல் மனு கொடுக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும். மாயவன் அண்ணன் மனு கொடுக்க விரும்பினால், எழுத்து வேலையை நீ செய்து கொடு.

ஆதிமூலம்